உங்களுக்குத் தெரியுமா? குட்டைக்குள் ஒரு சோழமண்டலம்

பெயர் ராசி சரியில்லை என்று மனிதர்களைத்தான் சொல்வோம். ஒரு செடிக்கும் அப்படி ஆகியிருக்கிறது. ஐசோயெட்டிஸ் என்பது அதன் பெயர். கிரேக்கத்தில் ‘ஐசோஸ்’ என்றால் சமம், ‘எட்டோஸ்’ என்றால் ஆண்டு. வருஷம் பூராவும் ஒரே மாதிரி பச்சையாக நிற்பது என்று அர்த்தம். 1753ல் லின்னேயஸ் தன் தாவர நூலில் இந்தப் பெயரை அச்சேற்றியபோது அவர் மனத்தில் இருந்தது ஐரோப்பாவின் குளிர்ந்த ஏரிகளுக்கு அடியில் வளரும் வகை. அதற்குப் பெயர் பொருந்தும். நம் தமிழ்நாட்டுப் பக்கத்து வகையின் கதை வேறு. ஐப்பசி மழையில் குட்டை நிறைந்ததும் தலைகாட்டி, மார்கழி தையில் தழைத்து, பங்குனி வெயிலில் குட்டையோடு சேர்ந்து தானும் காணாமல் போய்விடும். சித்திரையில் அதே இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வருஷம் பூராவும் ஒரே மாதிரியாம்!

*

இலை நீளமாய், உருண்டையாய், நுனி கூராய், உள்ளே காற்றோடு இருக்கும். அந்தக் காலத்து வாத்து இறகுப் பேனாவின் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலும் அந்த இறகுத் தண்டை வைத்துத்தான் அழைக்கிறார்கள். நம் ஊர்க் குட்டைகளில் இது கோரைக் கூட்டத்தோடு கோரையாகவே போய்விடுகிறது. இந்தப் பத்தி முடியும்வரை நான் இதை ‘இறகுப்பூண்டு’ என்று கூப்பிடப் போகிறேன். தாவரவியல் ஆசிரியர்கள் மன்னிக்க.

*

உலகில் ஏறத்தாழ 250 வகை இறகுப்பூண்டுகள் உண்டு. அதில் ஒன்றின் முழுப் பெயர் ஐசோயெட்டிஸ் கோரமண்டலினா. கோரமண்டல் என்பது சோழமண்டலம் என்ற சொல் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் என்று பல வாய்களில் மென்று துப்பப்பட்ட வடிவம். ராஜராஜன் பெயரிலும் ராஜேந்திரன் பெயரிலும் எத்தனையோ தெருக்கள் இருக்கின்றன. சோழநாட்டின் பெயரை வேரோடும் இலையோடும் சுமப்பது முழங்காலளவுத் தண்ணீரில் நிற்கும் இந்தப் பூண்டு. பெயர் வைத்தவர் லின்னேயஸின் மகன். 1781 என்று தேதியிட்ட நூல். அச்சில் வந்தது 1782ல். அடுத்த ஆண்டே, 42 வயதில், அந்த மகன் இறந்துபோனார்.

*

மகன் சுவீடனை விட்டு இந்தியாவுக்கு வந்ததில்லை. செடி அவரிடம் எப்படிப் போனது?

தரங்கம்பாடி வழியாக. 1620லிருந்து 1845வரை அது டேனிஷ்காரர் ஊர். அங்கிருந்த மிஷனுக்கு 1768ல் மருத்துவராக வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். பெரிய லின்னேயஸிடம் பாடம் படித்தவர். நோயாளி பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் வயலும் வரப்பும் குட்டையும்தான். பறித்ததைக் காயவைத்துக் காகிதத்தில் ஒட்டி ஐரோப்பாவுக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். சம்பளம் போதாமல் ஆற்காட்டு நவாபிடம் போனார், பிறகு 1778ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளர் ஆனார்.

பினாங்கில் இருக்கும் நமக்குச் சுவையான சேதி இனிமேல்தான். 1778க்கும் 1780க்கும் நடுவில் கோனிக் சியாமுக்கும் மலாக்கா நீரிணைக்கும் கப்பலேறினார். நாம் இருக்கும் கடல்தான். 1785ல் காக்கிநாடா அருகே காலமானார். பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியது 1786 ஆகஸ்ட் 11. ஓராண்டு தாமதித்திருந்தால் பினாங்கின் முதல் தாவரப் பட்டியலையும் இந்தத் தரங்கம்பாடி டாக்டரே எழுதியிருப்பார் என்று எனக்கு ஓர் ஆசை.

*

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். அவர் விட்டுவந்த ஊர் மயிலாடுதுறைக்குக் கிழக்கே. ஒரு மார்கழியில் அங்கே போனபோது குட்டைக் கரையில் உட்கார்ந்து ஒரு ‘கோரை’யைப் பிடுங்கினேன். சித்தப்பா மகனுக்குச் சிரிப்பு. “பினாங்குலேர்ந்து ஃபிளைட் புடிச்சி வந்து கோரை புடுங்குறியேண்ணே. மாடுகூட அதத் திங்காது.”

அடியோடு வந்த செடியை அலசினேன். கோரையா, இறகுப்பூண்டா என்று பார்க்க நுண்பெருக்கி வேண்டாம், ஒரு பிளேடு போதும். இலையைக் குறுக்கே வெட்டி வெயிலுக்கு நேரே பிடித்தால் நான்கு துளைகள் தெரியும். நான்கு காற்றுக் குழாய்கள், நடுவே ஒற்றை நரம்பு. கோரைத் தண்டை வெட்டினால் முக்கோணமாய், உள்ளே பஞ்சாய் இருக்கும். அடுத்து, இலைகளை ஒவ்வொன்றாய் அடியிலிருந்து உரியுங்கள். வெங்காயச் சருகு போல வெள்ளையாய், கரண்டி போல அகன்ற அடிப்பகுதி வரும். அதன் உள்பக்கம் ஒரு பை. நகத்தால் கீறினேன். உள்ளங்கையில் பொலபொலவென்று உதிர்ந்தது வெள்ளை ரவை. அசல் ரவையேதான். ஒவ்வொரு மணியும் அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்.

“இதென்னண்ணே, சீனியா?” என்றான் தம்பி. இல்லையடா, பிள்ளைகள்.

*

அந்த ரவை, விதை ஆகாது. இறகுப்பூண்டுக்குப் பூவும் கிடையாது, காயும் கிடையாது, விதையும் கிடையாது. வித்துத்தூள் மட்டும்தான். அதிலும் இரண்டு ரகம். பெரியது பெண், அதுதான் வெள்ளை ரவை. சிறியது ஆண், கண்ணுக்குத் தனித்தனியாய்த் தெரியாத மாவு. பெண் பையில் சில நூறு மணிகள் இருக்கும். ஆண் பையில் லட்சக்கணக்கில். சில வகைகளில் ஒரே பையில் பத்து லட்சம்வரை. இன்றைக்கு உயிரோடிருக்கும் தாவரங்களிலேயே மிகப் பெரிய வித்துப்பை இதனுடையதுதான்.

ஆண் தூளிலிருந்து வெளிப்படும் விந்தணுவுக்குச் சாட்டை போன்ற வால்கள் சுமார் 20. தண்ணீரில் நீந்தித்தான் பெண்ணிடம் போக வேண்டும். இதன் நெருங்கிய சொந்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே வால். ஏன் இதற்கு இருபது? அவசரமாக இருக்கும். குட்டை வற்றுவதற்குள் கல்யாணம் முடிய வேண்டாமா!

*

ஒரு வகையை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது நிபுணர்களுக்கே தலைவலி. எல்லாம் ஒரே மாதிரிக் கோரைக் குச்சி. கடைசியில் அந்த வெள்ளை ரவையை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, மேலே கொப்புளமா, வலையா, முள்ளா என்று பார்த்துத்தான் பெயர் சொல்கிறார்கள். கைரேகை பார்ப்பது மாதிரி.

*

பூண்டு நம் முழங்கை உயரம். இதன் மூதாதைகளின் உயரம் 30 மீட்டருக்கு மேல்.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பா, வட அமெரிக்கச் சதுப்புகளில் லெபிடோடெண்ட்ரான் என்ற மரங்கள் காடாக நின்றன. பட்டை முழுக்க இலை உதிர்ந்த தழும்புகள், சாய்சதுரச் செதில்களாக. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கல்மரத் துண்டுகளைச் சந்தைகளில் பாம்பு என்றும் பல்லி என்றும் சொல்லிக் காசு வாங்கிக் காட்டியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பூங்கா ஒன்றில் 1887ல் தோண்டியபோது, வேரோடு நின்ற நிலையிலேயே பதினோரு அடிமரங்கள் கல்லாகக் கிடைத்தன. கூரை போட்டு இன்றும் காப்பாற்றுகிறார்கள். அந்த மரங்களின் வேரை வெட்டிப் பார்த்தால் நரம்பு நடுவில் இருக்காது, ஓரமாய் ஒதுங்கியிருக்கும். இன்றைய தாவரங்களில் அதே அமைப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால், நம் குட்டைப் பூண்டின் வேரில்!

மலைபோல நின்ற குடும்பத்தில் மிஞ்சியது இந்தச் சிறு செடிகள்தான். பெரியவர்கள் எல்லாரும் நிலக்கரி ஆகிவிட்டார்கள். வேல்ஸ் நிலக்கரி அந்தக் காலத்தில் உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போனது. நம் பாட்டன் பூட்டனை வங்கக் கடல் தாண்டி இழுத்துவந்த நீராவிக் கப்பல்களின் உலையில் அதில் ஒரு கூடையாவது விழுந்திருந்தால், இறகுப்பூண்டின் முப்பாட்டன் எரிந்துதான் நம் முப்பாட்டன் கரையேறினார் என்று சொல்லலாம்.

(அவசரப்பட்டு பத்து ஆராங் சுரங்கத்தை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சிலாங்கூரில் நம் ஆட்களும் வெட்டிய, 1960ல் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தின் கரி, பல கோடி ஆண்டு இளையது. வேறு மரங்கள்.)

*

கல்மரம் பார்க்க கிளாஸ்கோ போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் தரையெல்லாம் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு. பிரெஞ்சுக்காரர் சொன்னெரா அவற்றைக் கண்டு சொன்னது 1781. நம் பூண்டின் பெயர் தாங்கிய நூலில் போட்டிருக்கும் அதே ஆண்டு. உறவு ஏதும் கிடையாது. தேதி ஒன்றாய் அமைந்ததில் எனக்கொரு சந்தோஷம், அவ்வளவுதான்.

*

கட்டிப்போட்டால் குட்டிபோடும் செடி தெரியுமல்லவா? ரணகள்ளி என்பார்கள். இலையை நூலில் கட்டித் தொங்கவிட்டாலே ஓரங்களில் குட்டிச் செடி முளைக்கும். இங்கே மலாய்க்காரர்கள் செடிங்கின் என்பார்கள். காய்ச்சலுக்கு அரைத்து நெற்றியில் பற்றுப் போடுவார்கள். அந்த இலையைக் காலையில் கடித்தால் புளிக்கும். உச்சிவேளையில் சப்பென்று இருக்கும். மாலையில் லேசான கசப்பு.

இதைக் கடித்துப் பார்த்து எழுதிவைத்தவர் பெஞ்சமின் ஹைனே. லண்டன் லின்னியன் சங்கத்துக்கு அவர் எழுதிய கடிதம் 1815ல் அச்சானது. ஹைனே இந்தியாவில் முதலில் வந்திறங்கிய ஊர்? தரங்கம்பாடியேதான். மொரேவிய மிஷன் ஊழியராக வந்து, பிறகு கம்பெனியின் தாவரவியலாளர் ஆனவர். ஒரே சின்ன ஊரில் செடிப் பைத்தியங்கள் எத்தனை பேர் பாருங்கள்.

இலை ஏன் புளிக்கிறது? இரவில் வாய் திறந்து, கரிவளி என்கிற கார்பன் டை ஆக்சைடை வாங்கி அமிலமாக்கிச் சேமிக்கிறது. பகலில் வாயை இறுக மூடிக்கொண்டு, சேமித்ததைச் செலவழித்துச் சமைக்கிறது. வெயிலில் வாய் திறந்தால் உடம்பின் ஈரம் போய்விடுமே! கள்ளிக்கும் கற்றாழைக்கும் அன்னாசிக்கும் இதே பழக்கம். அதனால் இது வறண்ட நிலத்துச் செடிகளின் சாமர்த்தியம் என்றே வெகுகாலம் பாடம் நடத்தினார்கள்.

1981ல் ஜான் கீலி என்ற அமெரிக்கர், கலிபோர்னியாவின் பருவக் குட்டையில் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்த ஓர் இறகுப்பூண்டைச் சோதித்தார். இலை விடியலில் புளித்தது! கழுத்துவரை தண்ணீரில் நிற்கும் செடிக்குக் கள்ளியின் சிக்கனம் எதற்கு?

தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கரிவளிக்கு. ஆழமில்லாத குட்டையில் காலை வெயில் ஏறியதும் பாசியும் மற்றச் செடிகளும் போட்டி போட்டுக் கரிவளியை உறிஞ்சித் தீர்த்துவிடும். நண்பகலில் ஒன்றும் மிச்சமிருக்காது. இரவில் குட்டையில் எல்லாரும் மூச்சுவிட மறுபடி நிறையும். ஊர் தூங்கும்போது எழுந்து பொதுக்குழாயில் குடத்தை நிரப்பிவைத்துக்கொள்ளும் அம்மா மாதிரி, இறகுப்பூண்டு இரவோடிரவாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்தப் பத்திக்காகப் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

*

பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் 4,000 மீட்டருக்கு மேலே ஓர் இறகுப்பூண்டு இருக்கிறது. இலையில் மூச்சுத்துளை ஒன்றுகூட இல்லை. கரிவளியை வேர் வழியாக மண்ணிலிருந்து வாங்கிக்கொள்கிறது. இதையும் கண்டு சொன்னவர்கள் அதே கீலியும் அவர் கூட்டாளிகளும், 1984ல்.

*

தைப்பே நகரை ஒட்டிய யாங்மிங்ஷான் மலையில் ‘கனவுக் குளம்’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு சின்னக் குளம். தைவான் இறகுப்பூண்டுக்கு அதுதான் ஊர், உலகம் எல்லாம். 1972ல் பெயர் சூட்டினார்கள். 2021ல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். வரப்பு மாதிரி கரையுள்ள ஒரு குளம், உலகப் பத்திரிகையில்!

*

சரி, பினாங்கில் நம் பாலிக் புலாவுக்கு வருவோம்.

நம் தீவின் பெயரான பினாங் என்பது மலாயில் பாக்கு. தமிழில் பாக்குத் தீவு. ஆனால் மலாயில் ‘பாக்கு’ என்று சொன்னால் அது இரும்பு ஆணி. அதே சொல்லுக்குப் பெரணிச் செடி என்றும் பொருள். சந்தையில் “பூச்சோக் பாக்கு” கேட்டால் சுருண்ட பெரணித் தளிர் ஒரு கட்டு தருவார்கள். பெலாச்சான் போட்டு வதக்கினால் கீரையெல்லாம் தோற்கும். புதிதாக மருமகளாய் வந்த என் அத்தை ஒருத்தி, வீட்டுக்காரர் ‘பாக்கு’ வாங்கிவரச் சொன்னதைக் கேட்டு, வெற்றிலையும் சேர்த்து வாங்கிவந்த கதை எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

இறகுப்பூண்டின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் இந்தத் தீவுக் காட்டிலேயே இருக்கின்றன. பாலிக் புலா பக்கத்துக் கெந்திங் வளைவுகளில் மலையை வெட்டிச் சாலை போட்ட சரிவுகளைப் பாருங்கள். குட்டிக் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி மஞ்சள் பச்சையாய் நிற்பது ஒரு சொந்தம். நிழலான ஓடைக் கரையில் மயில் கழுத்து நீலத்தில் மினுங்கிப் படர்வது இன்னொரு சொந்தம். மலாயில் ‘பாக்கு மெராக்’. மெராக் என்றால் மயில்.

அந்த நீலத்தைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. சாயம் இருந்தால்தானே? இலையின் மேல்தோலில் ஒளி பட்டுத் திரும்பும் வித்தை அது. சோப்பு நுரையில் வானவில் தெரிவது மாதிரி. இலையை நனைத்தால் நீலம் மறையும், காய்ந்தால் திரும்பும். இதை விளக்கி 1975ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய இருவர் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்கள். சிறுவயதில் நான் அந்த இலையைப் பாடநூலில் வைத்து மூடி, மறுநாள் திறந்து பழுப்பைப் பார்த்து அழுதிருக்கிறேன். யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

*

சுங்கை பூரோங் பக்கம் நெல் அறுத்த வயலில் பிள்ளைகள் சேற்றில் கைவிட்டுப் பிடிக்கும் ஈக்கான் புயுவைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வற்றினால் சாகாது. செவுள் மூடியை ஊன்றி ஊன்றி அடுத்த பள்ளத்துக்கு நடந்தே போகும். காற்றை நேரடியாகக் குடிக்கும். தமிழில் பனையேறிக் கெண்டை.

பனை ஏறுமா என்று கேட்டால் சாட்சி இருக்கிறது. 1791 நவம்பரில், பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் அந்த மீனைத் தன் கையாலேயே பிடித்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதினார். 1797ல் லின்னியன் சங்க ஏட்டில் அச்சானது. எந்த ஊர்ப் பனைமரம் என்று நான் சொல்ல வேண்டுமா? தரங்கம்பாடி! பின்னால் வந்த அறிஞர்கள் பறவை கொத்திக்கொண்டு போய்ப் போட்டிருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். பெயர் மட்டும் மரத்திலிருந்து இறங்கவில்லை.

*

ஆரைக்கீரை. நான்கு இலை, வரப்போரம், ஈரம். மலாயில் செமாங்கி. இதுவும் பூக்காத, விதைக்காத இனம். இதன் வித்து உறை அவரைக் கொட்டை மாதிரி கெட்டி. உலர்தாவரக் காப்பகத்தில் நூறாண்டுக்கு மேல் காகிதத்தில் ஒட்டிக் கிடந்த உறையைத் தண்ணீரில் போட்டதும் முளைத்திருக்கிறது. குட்டை வற்றினால் சில மாதம் பொறுக்க முடியாதா என்ன!

இதன் ஆஸ்திரேலியச் சொந்தத்துக்கு நார்டூ என்று பெயர். 1861ல் பர்க், வில்ஸ் என்ற இரண்டு பயணிகள் பாலைவனத்தில் உணவு தீர்ந்து, அந்த ஊர்ப் பூர்வகுடிகள் தின்பதைப் பார்த்து நார்டூவை இடித்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது, உடம்பு இளைத்தது, கால் தள்ளாடியது, செத்தார்கள். தயமின் என்கிற பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் அதில் இருக்கிறது. பூர்வகுடிகளுக்கு அதைப் பக்குவம் செய்யத் தெரியும். இவர்கள் பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. வந்தது பெரிபெரி நோய் என்று பிற்காலத்தில் கணித்தார்கள்.

பெரிபெரி என்றதும் மலாயாக் கதை ஒன்று. நூறு வருஷத்துக்கு முன் இங்கே சுரங்கங்களிலும் மருத்துவமனைகளிலும் கொத்துக்கொத்தாய்ப் பிடித்த நோய் அது. ஆனால் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அதிகம் வரவில்லை. ஏன்? நெகிரி செம்பிலானில் டாக்டராக இருந்த பிராடன் 1907ல் எழுதிய நூலில் காரணத்தைச் சோற்றுப் பானையில் தேடினார். சீனத் தொழிலாளர் தின்றது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, நம்மவர் தின்றது புழுங்கல். பிராடன் கெட்ட அரிசியில் நஞ்சு என்று நினைத்தார். அது தப்பு. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் சாலை போடும் ஆட்களுக்கு இரண்டு வித அரிசியும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, தீட்டும்போது எதுவோ தொலைகிறது என்று 1909 வாக்கில் நிறுவினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கல் சோறு தடியாய் இருக்கிறது என்று முகம் சுளிக்கும் என் பேரன்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

*

கியாம்பாங். வாய்க்கால் முழுவதும் பச்சைக் கம்பளமாய் மூடிக் கிடக்கும் மிதவைப் பெரணி. பிரேசில்காரன். வெயில் வாகாய் அமைந்தால் சில நாளிலேயே இரட்டிப்பான். கேரளத்தில் வயலையும் படகையும் மறித்தவனை 1980களில் ஒரு துளியூண்டு வண்டு விட்டு அடக்கினார்கள்.

படகு போனால் விலகும், படகு கடந்ததும் மறுபடி சேர்ந்துகொள்ளும். சொந்தக்காரர் சண்டைக்கு மலாய்க்காரர்கள் இந்தக் கியாம்பாங்கைத்தான் பழமொழியில் சொல்வார்கள். நாம் நீரடித்து நீர் விலகுமா என்போம். வழக்கு கோர்ட்டுக்குப் போகாத குடும்பங்களுக்கு இரண்டும் பொருந்தும்.

*

பருவக் குட்டைச் செடிக்கு எமன் யார்? கோடை வறட்சி என்று நினைத்தால் தப்பு, அதற்கு அது பழகியது. கிழங்கு சேற்றுக்குள் உறங்கும், ரவை காய்ந்த மண்ணில் காத்திருக்கும். மண் கொட்டிக் குட்டையை மேடாக்குகிறவன் முதல் எமன். இரண்டாவது எமன் நல்லவன் வேஷத்தில் வருவான். ‘குளத்தை மேம்படுத்துகிறோம்’ என்று ஜேசிபி வைத்து ஆழமாய்த் தோண்டி, சுற்றிச் சிமெண்டுக் கரை கட்டி, வருஷம் பூராவும் தண்ணீர் நிற்கச் செய்வான். நடுவில் ஒரு வாத்துப் படகு விடுவான். வற்றவே வற்றாத தண்ணீரில் மீனும் ஆகாயத்தாமரையும் பெருகும். வற்றுவதை நம்பிப் பிழைத்தவை ஒவ்வொன்றாய் விடைபெறும். தாத்தா ஊர்ப் பக்கமும் இங்கேயும் இந்தப் படகுகளைப் பார்த்துவிட்டேன்.

*

தீவிலேயே பருவத்துக்குப் பருவம் வந்துபோகும் ஏரி ஒன்று இருப்பது தெரியுமா? பாலிக் புலாவிலிருந்து தித்தி கெராவாங் வழியாக வடக்கே ஏறி இறங்கினால் தெலுக் பாஹாங். அங்கிருந்து காட்டுப் பாதையில் நடந்தோ படகேறியோ பந்தாய் கெராச்சுட் போகலாம். 2003ல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. யுனெஸ்கோ 2021ல் ஏற்ற, 12,481 ஹெக்டேர் பரந்த பினாங்குக் கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இந்தப் பூங்காவும் அடங்கும்.

மணல்திட்டுக்கு உள்பக்கம் அந்த ஏரி. மலையோடைகளின் நன்னீர் மேலே, கடலின் உப்புநீர் கீழே. உப்புநீர் கனம், அதனால் அடியில் படிந்துவிடும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல், மாடியும் கீழ்வீடுமாய்க் குடியிருக்கும். பலகையை வைத்துத் தடுத்தது போல ஒரு கோடு. மேல்தட்டு குளிர்ச்சி, கீழ்த்தட்டு வெதுவெதுப்பு. ஆசியாவிலேயே இப்படிப்பட்ட ஏரிகள் சொற்பம். மழை மாதங்களில் நிறைந்திருக்கும், வறண்ட மாதங்களில் வற்றி மண் தெரியும்.

நான் முதல்முறை பேரனைக் கூட்டிக்கொண்டு போனது பிப்ரவரியில். ஏரி எங்கே என்று தேடினால் பாளம் பாளமாய் வெடித்த சேறு, நடுவே ஒரு கொக்கு. பேரன் என்னைப் பார்த்தான். நான் படகுக்காரரைப் பார்த்தேன். மலாய்க்காரர், வயது அறுபதுக்கு மேல், தொப்பியை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்.

“தாசேக் மானா, பாங்?” என்று கேட்டேன். ஏரி எங்கே, அண்ணே?

“பாலிக் கம்போங்,” என்றார். ஊருக்குப் போயிருக்கிறது.